கால் மாறிய போர்டு!

கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஓ.டி., ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று வரிசையாக வரும். வெள்ளாற்றுப் பாலம் தாண்டினால் சிதம்பரம்தான். 2010 ஏப்ரலில் நான் அங்கே போனது சாமி கும்பிட இல்லை. பையில் ஸ்க்ரூ டிரைவர்!

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பக்கம் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தார் ஓர் அண்ணன். அவருடைய பழைய பிராண்டட் கம்ப்யூட்டரில் மதர்போர்டு அவுட். மறுநாள் சப்மிட் பண்ண வேண்டிய பசங்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அத்தனையும் அதற்குள்.

"கேபினெட் கல்லு மாதிரி இருக்கு தம்பி. இதை மட்டும் மாட்டிடு" என்று புது போர்டை நீட்டினார். ராமோடு வாங்கியே வைத்திருக்கிறார்!

திறந்தால், மூடி வலது பக்கம். ஆஹா, பி.டி.எக்ஸ்! பென்டியம் 4-ன் சூட்டைத் தணிக்க, முன்பக்கக் காற்று நேரே ப்ராஸஸர் மேல் பாயட்டும் என்று இன்டெல் 2004-ல் கொண்டுவந்த அமைப்பு. சூடு குறைந்த சிப்கள் வந்ததும் 2006-ல் அவர்களே கைகழுவிவிட்டார்கள். சாதாரண ஏ.டி.எக்ஸ். போர்டுக்கு இதில் ஸ்க்ரூ துளையும் சேராது, ஸ்லாட்டும் எதிர்ப்பக்கம்.

அண்ணன் நம்பவில்லை.

"அண்ணே, உங்க ஊர் நடராஜர் இடது காலைத் தூக்குறார். மதுரை வெள்ளியம்பலத்துல வலது கால். அந்தத் திருவாசிக்குள்ள இவரை நிறுத்த முடியுமா?"

சிரித்துவிட்டார். பர்ஸைத் திறக்கும்போதுதான் சிரிப்பு நின்றது.

சாதாரண கேபினெட் ஒன்று எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்தது. புது ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் போட்டு, பழையதை இரண்டாவதாக மாட்டினேன். ரிப்போர்ட் எல்லாம் பத்திரம். ஒன்பதரைக்கு பிரிண்டர் ஓடியது. காலி கேபினெட் மேல் அதற்குள் ஏ4 பண்டல் ஏறிவிட்டது!