கரிந்த சுருளும் கருவி காட்டிய எழுத்தும்

இத்தாலிய நாட்டில் வெசூவியசு என்னும் எரிமலை கி. பி. 79-ஆம் ஆண்டிற் சீறியெழுந்தபொழுது, அதனடியிலிருந்த எர்க்குலேனியம் என்னும் நகர் புதையுண்டது. அந்நகர் மாளிகை ஒன்றிலிருந்த பாப்பிரசுச் சுருள்கள் கரியாயின. பதினெட்டாம் நூற்றாண்டில் அவை அகழ்ந்தெடுக்கப்பட்டன. எனினும், விரிக்கப் புகின் பொடியாய் உதிர்வனவாதலின், பல படிப்பாரின்றிக் கிடந்தன.

அவற்றுட் பாரிசு நகரிற் காக்கப்படும் ஒன்றை விரியாமலே எக்சு கதிராற் படமெடுத்து, செயற்கை அறிவுப் பொறியின் துணையால் 2023-ஆம் ஆண்டிற் படிக்கலாயினர். முதற்கண் வெளிப்பட்டது செந்நீல நிறத்தைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல். 2000 எழுத்துக்கு மேற்பட்ட பகுதியைக் காட்டிய இளைஞர் மூவர்க்கு 2024 பிப்ரவரியில் 7,00,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. இன்பத்தைப்பற்றிப் பேசும் அந்நூல் எபிக்கூரசின் வழிவந்த பிலொடீமசு இயற்றியதாகலாம் என்பர் புலவர்.

அவ்வெழுத்துக்கள் சுருளில் உள்ளனவோ, பொறி தானே புனைந்தனவோ என்னும் ஐயம் ஈண்டு எழுதல் இயல்பே. அப்பொறிக்குக் கிரேக்க மொழி கற்பிக்கப்படவில்லை. படத்தின் மிகச் சிறு கூறு ஒவ்வொன்றிலும் மை உண்டோ, இன்றோ என்பதொன்றே அது கூறும். அம்மைத் தடங்கள் ஒருங்கு சேர்ந்து எழுத்தாகத் தோன்ற, பாப்பிரசு வல்ல அறிஞர் தாமே படித்துப் பொருள் காண்கின்றனர். அளவை நூலார் கூறும் காட்சியோடு இதனை ஒருவாறு ஒப்பிடலாம்.

2022-ஆம் ஆண்டில் வெளிவந்த இதாக்கா என்னும் பொறியோ கருதலைச் சார்ந்தது. கிரேக்கக் கல்வெட்டுக்கள் பலவற்றைப் பயின்று, சிதைந்த இடத்தில் இருந்திருக்கக்கூடிய எழுத்துக்களை அது ஊகித்துரைக்கும். சோதனையில் அது தனித்து நூற்றுக்கு 62 பங்கு சரியாக நிரப்பிற்று; தனித்து நூற்றுக்கு 25 பங்கே நிரப்பிய வரலாற்றறிஞர் அதன் துணையால் 72 பங்கு நிரப்பினர். வியத்தற்குரிய உதவியே! ஆயினும், பிழைபட்ட எஞ்சிய பங்கும் செவ்விய கிரேக்கமாகவே தோன்றும் என்பதை மறத்தலாகாது.

போலி நூல் செய்வார்க்கு வேண்டுவதும் இத்திறமே அன்றோ? சேக்சுபியர் இயற்றியதென ஐயர்லாந்து என்னும் இளைஞர் புனைந்த நாடகம் 1796-ஆம் ஆண்டில் இலண்டனில் அரங்கேறி நகைக்கப்பட்டது. அவர் காட்டிய சுவடிகளின் எழுத்துமுறை அக்காலத்திற்கு ஒவ்வாமையை மலோன் என்னும் அறிஞர் எடுத்துக் காட்டினர். அக்கால நூல்களை முற்றப் பயின்ற பொறி அத்தகைய பிழையை எளிதிற் செய்யாது. ஆகலின், நடை ஒன்றையே கொண்டு நூலின் மெய்ம்மை துணிதல் இனி அரிது. சுருள் எங்குளது, யார் கைப்பட்டு வந்தது, அதன் படத்தைப் பிறரும் ஆராய இயலுமோ என்பனவே முதற்கண் வினவத்தக்கன. எர்க்குலேனியச் சுருளின் படங்கள் யாவரும் ஆராயுமாறு வெளியிடப்பட்டுள்ளன.

ஊகித்து நிரப்பிய எழுத்தைப் பகர அடைப்புள் இடுதல் கல்வெட்டுப் பதிப்பாசிரியர் மரபு. படியெடுப்பார் ஒருவர் கையில் அவ்வடைப்பு ஒருமுறை கழன்றுவிடின், பொறியின் ஊகம் பண்டையோர் வாக்காகிவிடும். அதனைப் பயின்ற மற்றொரு பொறி பின்னர் அதற்கே சான்றும் கூறும்.