பித்தளை ரிவால்வரின் விலை

மார்ச் 8, சனி. மேக்கன், ஜார்ஜியா

பழைய கருமருந்து ரிவால்வர் கைக்கு வந்தால் வயதையும் விலையையும் பிறகு பார்க்கலாம். உள்ளே மருந்து இருக்கிறதா என்பதுதான் முதல் வேலை. ஈரம் படாத கருமருந்து கெட்டுப்போவதில்லை. தாத்தா நிரப்பி வைத்தது பேரன் கையில் வெடித்துவிடலாம்.

பக்கத்து வீட்டு அம்மையார் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த ரிவால்வரில் கேப்பு மாட்டியிருக்கவில்லை. கேப்பு என்பது தீபாவளிப் பொட்டுவெடி மருந்தைச் சின்னச் செம்புக் குப்பிக்குள் அடைத்தது போல இருக்கும். சிலிண்டரின் பின்பக்கம் உள்ள ஆறு நிப்பிள்களில் மாட்டுவார்கள். சுத்தியல் அடித்ததும் நெருப்பு நிப்பிள் துளை வழியே போய் அறையிலிருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். கேப்பு இல்லை என்பதால் குண்டும் இல்லை என்று நம்பிவிடக் கூடாது. மெல்லிய மரக்குச்சி ஒன்றை ஒவ்வோர் அறைக்குள்ளும் விட்டு ஆழத்தைக் குறித்தேன். ஆறிலும் ஒரே ஆழம். ஆறும் நிரம்பியிருந்தாலும் அப்படித்தான் காட்டும் என்பதால், அதே குச்சியைச் சிலிண்டரின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தேன். குச்சி கிட்டத்தட்டப் பின்சுவர் வரை போயிருந்தது. காலிதான். அதற்குப் பிறகே பேச உட்கார்ந்தோம்.

காலமான கணவரின் கொள்ளுத்தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கின் பக்கம் நின்று போரிட்டபோது இடுப்பில் வைத்திருந்தது என்றார். "இங்கேதான், கிரிஸ்வால்ட்வில்லில் செய்தது என்று அவர் சொல்வார்." பேரனுக்குக் கல்லூரிச் செலவு இருக்கிறது, விற்றுவிடலாமா என்று கேட்டார்.

கிரிஸ்வால்ட்வில் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு நிஜமாகவே படபடத்தது. மேக்கனுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருந்த ஊர் அது. பருத்தி அரைவை எந்திரம் செய்துவந்த சாமுவேல் கிரிஸ்வால்ட், 1862இல் தன் ஆலையில் ரிவால்வர் செய்யத் தொடங்கினார். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள். கோல்ட் நிறுவனத்தின் நேவி ரிவால்வரைப் பார்த்துச் செய்ததுதான், ஆனால் இரும்புக்கும் எஃகுக்கும் தட்டுப்பாடு, அதனால் பிரேம் பித்தளை. ஏறக்குறைய 3,700 செய்திருப்பார்கள். 1864 நவம்பரில் வடக்குப் படைத் தளபதி ஷெர்மனின் குதிரைப்படை வந்து ஆலையை எரித்தது. அங்கே செய்த அசல் ஒன்று இன்று ஏலத்தில் இருபதாயிரம் டாலரைத் தாண்டுவதுண்டு.

எதுவும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலை வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் பார்த்தேன். பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே மூன்று விஷயங்கள் இடித்தன.

குழல் முழுக்க எண்பட்டை. கிரிஸ்வால்ட் ரிவால்வரின் குழல் உருண்டை. பட்டை தீட்டியது அடிப்பகுதியில் மட்டும். அடுத்து, சிலிண்டரைச் சுற்றிக் கப்பல் சண்டைக் காட்சி. 1843 மே மாதம் டெக்சாஸ் கடற்படை மெக்சிகோவோடு மோதியதை ஓர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞர் கோல்ட் நிறுவனத்துக்காக வரைந்த படம் அது. கிரிஸ்வால்ட் சிலிண்டர் வெறுமையானது. முறுக்கிய இரும்பில் செய்ததால், உற்றுப் பார்த்தால் முறுக்கின் வரிகூடத் தெரியும். அவசரத்தில் பிரேமுக்குப் பித்தளை வார்த்த ஆலை, சிலிண்டரில் படம் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது.

மூன்றாவதுதான் வலுவான சாட்சி. வெர்னியரை அறை வாயில் வைத்தால் 11.3 மி.மீ. காட்டுகிறது. அப்படியானால் இது .44 அங்குல வகை. நேவி .36தான்; கோல்ட் செய்ததும் அதுவே, கிரிஸ்வால்ட் செய்ததும் அதுவே. அதன் அறை ஏறக்குறைய ஒன்பதரை மி.மீ.தான். இந்தச் சிலிண்டரோ முன்பாதி பருத்தும் பின்பாதி ஒடுங்கியும் இருக்கிறது. நேவி அளவு பிரேமில் .44 அறைகளை நுழைக்கச் செய்த ஏற்பாடு அது, 1860 ஆர்மி ரிவால்வரில் கோல்ட் கையாண்ட வழி. எண்பட்டைக் குழல், பித்தளைப் பிரேம், .44 மூன்றும் சேர்ந்த நேவியை 1860களில் யாரும் போருக்கு எடுத்துப் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் விற்பனைக்காகப் பிறந்த கலவை இது.

மார்ச் 11, செவ்வாய்

ஆப்பைத் தட்டிக் கழற்றினேன். கோல்ட் வகையில் மேல்பட்டை கிடையாது. நடு அச்சும் அதில் குறுக்கே செருகிய ஆப்பும்தான் குழலைப் பிரேமோடு பிடித்து வைத்திருக்கின்றன. குண்டு அழுத்தும் நெம்புகோலைச் சிலிண்டர் முகத்தில் ஊன்றித் தள்ளியதும் குழல் கழன்று வந்தது.

நெம்புகோல் மறைத்திருந்த இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்ததும் தெரிந்தது: விண்மீன், அதன் கீழே பி.என். (PN) என்ற இரண்டு எழுத்துகள். இத்தாலிய மொழியில் கருமருந்து என்பதன் முதலெழுத்துகள் அவை. பக்கத்தில் விண்மீனும் கேடயமும், கார்டோனே சோதனைச் சாலையின் முத்திரை. சின்னக் கட்டத்துக்குள் ஏ.எல். கொஞ்சம் தள்ளி ஏ.எஸ்.எம்., அதாவது ஆர்மி சான் மார்க்கோ.

இத்தாலிய முத்திரைகளை நான் மனதார மதிக்கிறேன். அங்கே செய்யும் ஒவ்வொரு துப்பாக்கியையும் சுட்டுச் சோதித்து, எந்த ஆண்டு என்றும் குத்திவிடுகிறார்கள். முன்பு ரோமன் எண்கள். 1975இலிருந்து இரட்டை எழுத்து. ஏ.ஏ. என்றால் 1975, பி.என். (BN) என்றால் 2000. அந்தப் பி.என். கட்டத்துக்குள் இருக்கும், கருமருந்துப் பி.என். (PN) விண்மீனுக்குக் கீழே இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ஏ.எல். என்பது 1983.

கார்டோனே வால் ட்ரோம்பியா, பிரெஷியாவுக்கு வடக்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கு ஊர். 1526இல் வெனிஸ் ஆயுதசாலைக்குக் குழல் விற்ற பெரெட்டா துப்பாக்கி நிறுவனத்தின் ஊர். 1950களின் கடைசியில், உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது, வால் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்க வணிகர் நேவி ரிவால்வரின் நகலைச் செய்து தரச் சொல்லி அந்த வட்டாரத்துக்குப் போனார். கிரெகொரெல்லியும் ஆல்டோ உபெர்ட்டியும் செய்து கொடுத்தார்கள். பிறகு பியெத்தா, சான் பாவ்லோ, சான் மார்க்கோ என்று ஒரு தொழிலே வளர்ந்தது. குழலின் மேலே பெரிதாக இருக்கும் பெயர் பெரும்பாலும் அமெரிக்க இறக்குமதியாளருடையது. செய்தவர் யார் என்பதை அடியில்தான் தேட வேண்டும்: உபெர்ட்டி என்றால் எண்கோணத்துக்குள் இரண்டெழுத்து, பியெத்தா என்றால் சாய்சதுரத்துக்குள் எஃப்.ஏ.பி.

மார்ச் 13, வியாழன்

அம்மையாரிடம் சொன்னேன். முத்திரையை உருப்பெருக்கியில் அவரே பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. "அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை" என்றார் கடைசியில்.

நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கொள்ளுத்தாத்தாவிடம் ஒரு ரிவால்வர் இருந்திருக்கலாம். அது எங்கேயோ போயிருக்கும். கதை மட்டும் வீட்டில் தங்கி, அடுத்து வந்த ரிவால்வரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தெற்குப் படைவீரர்களின் சேவைப் பதிவுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பெயரைக் கொண்டு தேடலாம் என்றேன். ஒரு தாளில் பெயரை எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 15, சனி

இன்று உடல் பரிசோதனை. விலையைத் தீர்மானிப்பது இதுதான்.

பித்தளைப் பிரேமில் முதலில் பார்ப்பது சிலிண்டருக்குப் பின்னால் நிற்கும் சுவரை. ஒவ்வொரு வெடிக்கும் சிலிண்டர் பின்னால் மோதும். பித்தளை மென்மையானது, சிலிண்டரின் பின்பக்கப் பற்களின் அச்சு வட்டமாகப் பதிந்துவிடும். .44க்கு மருந்தை அளவுக்கு மீறி நிரப்பிச் சுடுகிறவர்கள் கையில் இது சீக்கிரமே நடக்கும். இதில் மங்கலான வட்டம் ஒன்று இருக்கிறது, ஆழமில்லை. நடு அச்சு பிரேமில் ஆடவில்லை. அது ஆடினால் துப்பாக்கி சுவரில் மாட்டத்தான் லாயக்கு. ஆப்புத் துளையின் ஓரம் மட்டும் யாரோ சுத்தியலால் தட்டியதில் நசுங்கியிருக்கிறது.

சுத்தியலை மெல்ல இழுத்தேன். ஐந்து அறைகளில் சிலிண்டரை நிறுத்தும் பூட்டு சரியாக விழுகிறது. ஆறாவதில் சுத்தியல் முழுக்கப் பின்வந்தும் சிலிண்டர் மயிரிழை பின்தங்குகிறது. குழலுக்குள் விளக்கடித்தேன். வரிகள் கூர்மை, ஆனால் வாயருகே துருக்குழி. கருமருந்துக் கரி ஈரத்தை இழுக்கும், சுட்ட அன்றே கழுவாவிட்டால் இரும்பைத் தின்றுவிடும். ஒரு நிப்பிள் அரித்துப்போயிருக்கிறது.

ஆர்மி சான் மார்க்கோ இப்போது இல்லை. தரமும் ஒரே சீராக இருந்ததில்லை. வேறு நிறுவனத்தின் உதிரி பாகங்களை ராவித்தான் பொருத்த முடியும். பித்தளை .44 நேவி புதிதாகவே 300 டாலருக்குள் கிடைக்கும்போது இதற்கு 120 முதல் 150 வரை கேட்கலாம். எஃகுப் பிரேமில், .36இல், உபெர்ட்டி செய்ததாக இருந்திருந்தால் இரு மடங்கு சொல்லியிருப்பேன். 1970களில் கோல்ட் தன் பெயரிலேயே மறுபடி வெளியிட்டதாக இருந்தால் அதற்கும் மேல்.

மார்ச் 16, ஞாயிறு

பேரன் வந்தான். நல்ல பிள்ளை, விஷயம் தெரிந்தவன். போரை நடித்துக் காட்டும் குழுவினர் நவீன முத்திரைகளை ராவி எடுத்துவிடுகிறார்களே, நாமும் எடுத்துப் பழுப்பேற்றினால் விலை ஏறாதா என்று கேட்டான்.

குரல் உயர்ந்துவிட்டது எனக்கு. நடிக்கிறவர் தன் துப்பாக்கியை ராவுவது அவர் விருப்பம். விற்பதற்காக ராவினால் அது மோசடி. இந்தப் பொருள் தன்னைப் பற்றிச் சொல்லும் ஒரே உண்மையையும் அழிப்பது. இன்று நூறு டாலர் கூடலாம். பிறகு இது கைமாறிக் கைமாறி, எங்கோ ஒரு வீட்டில் இருபதாயிரத்தை இழக்க வைக்கும். பாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் தலையசைத்தார்.

விற்க உரிமம் வேண்டுமா என்று கேட்டார்கள். தோட்டா ஏற்காத இத்தகைய நகலை 1968இன் மத்தியச் சட்டம் துப்பாக்கிக் கணக்கில் சேர்க்கவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், வாங்குகிறவர் எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

மார்ச் 22, சனி

விற்பனைச் சீட்டை நானே எழுதினேன்: ஆர்மி சான் மார்க்கோ, இத்தாலி, 1983; நேவி வடிவம், .44, பித்தளைப் பிரேம். ஆறாவது அறையில் பூட்டு தாமதம், சுடுவதற்கு முன் சரிசெய்ய வேண்டும். குழல் வாயில் துருக்குழி. ஒரு நிப்பிள் மாற்ற வேண்டும். முத்திரைகள் அனைத்தும் தொடப்படாதவை. 140 டாலருக்கு இளைஞர் ஒருவர் வாங்கிக்கொண்டார், பூட்டைத் தானே ராவிப் பழகப் போகிறாராம். நிப்பிள் திருகி ஒன்று என்னிடம் கூடுதலாக இருந்தது, அதையும் சேர்த்துக் கொடுத்தேன்.