நானூற்றைம்பதா, எண்பத்திரண்டா?

நாமக்கல் பக்கம் பண்ணைக் கணக்கு எழுதுகிறவனுக்கு விலை என்றால் முதலில் முட்டை விலைதான். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, எல்லார் வாயிலும் என்இசிசி, நாமக்கல் மண்டலத்துக்கு ஒரு விலை அறிவிக்கும். அது பேப்பரில் வரும். பண்ணைக்காரர் கைக்கு அப்படியே வராது. வியாபாரி 'மைனஸ்' என்று சில பைசாவைக் கழித்துக்கொண்டுதான் வண்டியில் ஏற்றுவார். அதனால் போன புரட்டாசியில் என்ன விலை போச்சு என்று கேட்டால், விவரமானவர் சட்டென்று பதில் சொல்ல மாட்டார். "பேப்பர் வெலைய கேக்கறீங்களா, கைக்கு வந்தத கேக்கறீங்களா?" என்பார்.

இதையே பிழைப்பாகக் கொண்டிருந்த நான், செல்போனில் பார்த்த ஒரு பங்கு விலையை நம்பி அப்பாவைச் சந்தேகப்பட்டேன்.

அப்பாவிடம் கரூர் வைஸ்யா வங்கிப் பங்குகள் 500 இருந்தன. 1916-ல் கரூரில் தொடங்கிய வங்கி. எங்கள் பக்கம் ஜவுளி, லாரி, பண்ணை என்று தொழில் செய்த பல வீடுகளில் அந்தப் பங்கு நகைப்பெட்டியில் கிடக்கும் பொருள் மாதிரி. வாங்கியதும் மறந்துவிடுவார்கள், கல்யாணம் காட்சி என்றால் நினைவுக்கு வரும். 2016-ல் தங்கச்சி கல்யாணத்துக்கு அதில் 400-ஐ அப்பா விற்றார். செலவு நோட்டில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது: 'சேர் வித்தது 1,80,000'. அதாவது பங்கு ஒன்று 450 ரூபாய்.

2019-ல் நானும் டீமேட் கணக்குத் தொடங்கி, செயலியில் பழைய விலைப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் விரலை வைத்து நகர்த்தினால் தேதியும் விலையும் மேலே ஓடும். அப்பா விற்ற தேதிக்கு வந்தேன். 82 ரூபாய் சொச்சம். 400 பங்குக்குக் கணக்குப் போட்டால் 33,000 கூட முழுசாக வரவில்லை. அப்படியானால் மிச்சம் ஒன்றரை லட்சத்துக்கு என்ன கணக்கு? யாரிடமோ வட்டிக்கு வாங்கிவிட்டு எங்களிடம் மறைக்கிறார் என்று முடிவுகட்டினேன். ஒருநாள் சாடைமாடையாகக் கேட்டும் பார்த்தேன்.

"அப்பா, அந்த சேரு அன்னிக்கு எம்பத்திரண்டு ரூவாதானுங்களே?"

"நானூத்தம்பதுக்குப் பக்கம் கண்ணு. நீ எந்த ஊரு வெலையப் பாத்துட்டு வந்து பேசற?"

அவர் கோபப்படவில்லை. கோபப்படாததே என் சந்தேகத்தைக் கூட்டியது. அதன்பிறகு வீட்டில் பணப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் முகத்தைக் கொஞ்சம் வேறுமாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலத்துப் பத்திரம் தேடி இரும்புப் பெட்டியைக் குடைந்தபோது அந்த விற்பனையின் காண்ட்ராக்ட் நோட் கிடைத்தது. நாலாக மடித்த, மடிப்பில் கிழியத் தொடங்கிய தாள். ஆர்டர் எண், வர்த்தகம் நடந்த நேரம், விற்பனை 400, விலை 450-ஐ ஒட்டி. அதன் கீழே தரகு, பங்குப் பரிவர்த்தனை வரி, முத்திரைக் கட்டணம் எல்லாம் தனித்தனி வரியாகக் கழிந்து, கடைசியில் கைக்கு வந்த தொகை. பேப்பர் விலையும் மைனஸும் ஒரே தாளில் அச்சாகியிருந்தன.

அப்பாவின் தாள், செயலியின் படம் இரண்டுமே பொய் சொல்லவில்லை. 2016 நவம்பரில் அந்த வங்கி தன் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை 2 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. ஒன்று ஐந்தானது, விலை ஐந்தில் ஒன்றானது. 2018-ல் பத்துக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. ஆக பழைய 1 பங்கு 5.5 பங்கு. 450-ஐ 5.5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 82. செயலி அன்றைய விலையைக் காட்டவில்லை. இன்றைய பங்கின் அளவுக்குச் சரிக்கட்டிய விலையைக் காட்டியது.

சரிக்கட்டாமல் விட்டால் அதைவிடப் பெரிய கூத்து. ஒரே நாளில் பங்கு ஐந்தில் ஒன்றாகச் சரிந்ததுபோல் கோடு செங்குத்தாக இறங்கியிருக்கும். அது பணமதிப்பிழப்பு வந்த மாதம் வேறு. படத்தை மட்டும் பார்க்கிறவர், 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனதில் வங்கியே கவிழ்ந்தது என்று கதை எழுதியிருப்பார். எனவே சரிக்கட்டுவதில் எனக்குக் குறையில்லை. சரிக்கட்டியது என்று பளிச்சென்று சொல்லாததில்தான் குறை.

இதில் இன்னொரு வேடிக்கை. 2025 ஆகஸ்டில் அந்த வங்கி ஐந்துக்கு ஒன்று மறுபடியும் போனஸ் கொடுத்தது. இப்போது 5.5 என்பது 6.6 ஆகிவிட்டது. அப்பா விற்ற அதே நாளுக்கு விரலை நகர்த்தினால் இப்போது 68 ரூபாய் காட்டுகிறது. சில தளங்கள் 2017-ல் ஆறுக்கு ஒன்று, 76 ரூபாய் விலையில் வந்த உரிமைப் பங்கையும் சேர்த்துச் சரிக்கட்டுவதால் அங்கே இன்னும் கொஞ்சம் குறையும். சில தளங்கள், வங்கி கொடுத்த டிவிடெண்டையும் பழைய விலையில் கழித்துவிடும். நடந்து முடிந்த ஒரு விற்பனையின் விலை வருஷத்துக்கு ஒன்றாகவும் தளத்துக்கு ஒன்றாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. மாறாமல் இருப்பது இரும்புப் பெட்டித் தாள் மட்டும்தான்.

இன்ஃபோசிஸ் 1993-ல் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அன்று 100 பங்கு வாங்கி விற்காமல் வைத்திருந்தவரிடம், போனஸும் பிரிப்பும் சேர்ந்து, 2018 போனஸுக்குப் பிறகு 1,02,400 பங்குகள். அந்த 95 ரூபாயைச் சரிக்கட்டினால் ஒன்பது பைசா வரும். ஒன்பது பைசாவுக்கு இன்ஃபோசிஸ் பங்கை எவரும் எவருக்கும் விற்றதில்லை. மறுபக்கம் எம்ஆர்எஃப். 2023 ஜூனில் ஒரு பங்கு லட்ச ரூபாயைத் தாண்டியபோது ஊரே வாய்பிளந்தது. பல பத்தாண்டுகளாக அவர்கள் பிரிக்கவுமில்லை, போனஸ் கொடுக்கவுமில்லை. லட்சம் என்ற எண்ணுக்கு அதுவும் ஒரு காரணம். 'லட்ச ரூபாப் பங்கு', 'அறுபது ரூபாப் பங்கு' என்று பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து ஒப்பிடுகிறவர்களோடு நான் இப்போது வாதம் செய்வதில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

வரிக் கணக்கில்தான் இந்த வித்தியாசம் பணமாகவே கடிக்கும். 2018 பட்ஜெட்டில் பங்கு ஆதாயத்துக்கு நீண்டகால வரி திரும்ப வந்தபோது, பழைய முதலீட்டாளருக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். அந்த வருஷம் ஜனவரி 31-ல் சந்தையில் பதிவான உச்ச விலையையும் வாங்கிய விலையையும் வைத்து, எது அதிகமோ அதை அசலாகக் கொள்ளலாம். உச்ச விலையை எடுத்தால் விற்ற விலைக்கு மேல் போகக்கூடாது. அப்பாவிடம் மிஞ்சிய 100 பங்கு, பிரிப்புக்குப் பின் 500, முதல் போனஸில் 550, இரண்டாவதில் 660. ஜனவரி 31-ல் கையில் இருந்தது 500. அந்த 500-க்குத்தான் சலுகை. பிறகு வந்த 160 போனஸ் பங்குக்கு அசல் பூஜ்யம்.

செயலிப் படத்தில் விரலை நகர்த்தி அந்த நாளின் விலையை எடுத்து எழுதினால் அது இரண்டு போனஸுக்கும் சரிக்கட்டிய விலை, 1.32-ஆல் வகுத்தது. அசல் கிட்டத்தட்ட கால்வாசி குறையும், வரி அந்த அளவுக்கு ஏறும். சட்டம் கேட்பது அன்று சந்தையில் உண்மையாகப் பதிவான விலை. தேசியப் பங்குச்சந்தை ஒவ்வொரு நாளும் வர்த்தகம் முடிந்ததும் 'பாவ்காப்பி' என்று ஒரு கோப்பு வெளியிடும். தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு என்று அன்று நடந்தது நடந்தபடி இருக்கும். பின்னால் வந்து யாரும் திருத்துவதில்லை. அப்பாவுக்காக அந்த ஒரு கோப்பை இறக்கி வைத்தேன். இப்போது பண்ணைக்கு முட்டை எடுக்க வருகிறவர்கள்கூட தங்கள் பங்குப் பெயரைச் சொல்லி ஜனவரி 31 விலை கேட்கிறார்கள்.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்பட்டதையும் சொல்ல வேண்டியிருக்கும். காண்ட்ராக்ட் நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். "இப்ப வெலை சரியா இருக்குதா?" என்றார். அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

செயலியில் தேடினாலும் கிடைக்காத விலைகளும் உண்டு. கரூரிலேயே 1926-ல் தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. 2017 கடைசியில் 122 ரூபாய் விலையில் உரிமைப் பங்கு வெளியிட்டது. 2019-ல் இந்தியாபுல்ஸ் வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணையக் கேட்டது. ரிசர்வ் வங்கி ஒப்பவில்லை. 2020 நவம்பர் 17-ல் கட்டுப்பாடு வந்தது, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று. நவம்பர் 27-ல் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைத்துவிட்டார்கள். வைப்புப் பணம் தப்பியது. பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி. பங்குதாரருக்கு ஒரு பைசா இல்லை. சரிக்கட்டுவதற்கும் ஒன்றும் மிஞ்சவில்லை.

இடைப்பட்ட மூன்று வருஷத்தில் அந்தப் பங்கு இறங்க இறங்க வாங்கியவர்களை எனக்குத் தெரியும். 'நூத்திருவதுக்குக் குடுத்த பங்கு, பாதி வெலைக்கு வந்துருச்சு' என்பார்கள். பிறகு அதிலும் பாதி. '52 வார உச்சம்' என்று ஒரு எண்ணைச் செயலிகள் முன்னால் வைக்கின்றன. இருக்கிற எண்களிலேயே ஆபத்தானது அதுதான் என்பது என் கட்சி. திரும்ப வந்தே தீர வேண்டிய இடம் மாதிரி அது உட்கார்ந்திருக்கும்.

இன்று செயலியில் நாம் புரட்டிப் பார்க்கும் பத்து வருஷ, இருபது வருஷப் படங்கள் எல்லாம் பிழைத்துக் கிடக்கும் கம்பெனிகளுடையவை. செத்தவை தேடுபெட்டியில் வருவதே இல்லை. லட்சுமி விலாஸின் பெயரைப் பார்க்க வேண்டுமானால் பழைய பாவ்காப்பிகளைத்தான் திறக்க வேண்டும்.

நானும் திறந்தேன், 2016-ம் 2017-ம். கரூர் வங்கிகள் இரண்டின் விலையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அப்போது வேகமாக ஏறிக்கொண்டிருந்தது லட்சுமி விலாஸ்தான். அன்று கையில் பணம் இருந்து, இந்த விலைப் பட்டியலை மட்டும் பார்த்து எடுக்கச் சொல்லியிருந்தால் சந்தேகமே இல்லாமல் அதைத்தான் எடுத்திருப்பேன். வாங்காமல் விட்டதற்கு என் கெட்டிக்காரத்தனம் காரணமில்லை. கல்யாணக் கடன் பாக்கி இருந்தது.