கழன்றுபோன இருபது

9,192,631,770. பள்ளி இயற்பியலில் மனப்பாடம் செய்த எண். சீசியம்-133 அணுவின் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு இத்தனை முறை அதிர ஆகும் நேரம்தான் ஒரு விநாடி. 1967 முதல் இதுதான் உலக வரையறை. எழுதி மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று. ஆனால் கடைசியில் ஏன் 770? 800 என்று முழுசாக வைத்துத் தொலைத்திருக்கலாமே! இந்த எண் யார் கையிலிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே பின்னால் போனேன்.

1958-இல் வெளியான, மூன்றே பக்க ஆய்வுக் கட்டுரை ஒன்றில் அது கிடைத்தது. அங்கே எண் தனியாக இல்லை. பக்கத்திலேயே ‘கூட்டல் கழித்தல் 20’ என்று ஒட்டிக்கொண்டிருந்தது.

லண்டனை அடுத்த டெடிங்டனில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் 1955-இல் சீசியம் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். அது பிசகாமல் அதிர்ந்தது, சரி. விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று சொல்ல விநாடி வேண்டுமே? அது வானியலாளர்களிடம் இருந்தது. வானில் நிலா நிற்கும் இடத்தை வைத்து அந்த விநாடியைக் கணிக்க, வாஷிங்டனில் வானியலாளர் வில்லியம் மார்க்கோவிட்ஸ் நிலாவைப் படமெடுத்தார். நிலா பிரகாசம், நட்சத்திரம் மங்கல். போதாக்குறைக்கு நிலா நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் நிலாவின் பிம்பத்துக்கு மட்டும் ஒரு கறுப்புக் கண்ணாடியை வைத்து, அதை மெல்லச் சாய்த்து, இருபது விநாடிவரை நட்சத்திரங்களுக்கு நடுவே நிலாவை அசையாமல் நிறுத்தினார். கடலுக்கு இருபுறமும் ஒரே வானொலி நேரக் குறியீட்டைக் கேட்டுக் கணக்கை ஒப்பிட்டார்கள். இப்படி மூன்று வருடம் போல. மிஞ்சிய ஐயம்தான் அந்த 20. பதினைந்து ஆண்டுக்கு ஒரு விநாடி தவறலாம் என்று அர்த்தம்.

1967-இல் அதையே வரையறையாக்கியபோது 20 கழன்றுவிட்டது. புதிதாக யாரும் அளந்து அதை நீக்கவில்லை. இனி இதுதான் விநாடி என்று முடிவெடுத்துவிட்டால் பிழை எங்கிருந்து வரும்?

நிலா காட்டிய விநாடியும் சொந்தச் சரக்கு இல்லை. 1900-ஆம் ஆண்டின் நீளத்தை 31,556,925.9747 ஆல் வகுத்தது அது. அந்த எண்ணின் மூலம், வானியலாளர் சைமன் நியூகோம் 1895-இல் வெளியிட்ட சூரிய அட்டவணை. அவர் பயன்படுத்திய வானப் பதிவுகள் 1750 முதல் 1892 வரை எடுக்கப்பட்டவை. சராசரி பார்த்தால் 1820 வாக்கில் விழுகிறது. ஆக, நம் கைக்கடிகார விநாடி 1820-களில் இருந்த ஒரு நாளின் 86,400-இல் ஒரு பங்கு.

அந்த நாள் இப்போது இல்லை. அளக்க உதவிய அதே நிலாதான் கடல் ஓதங்களைக் கொண்டு பூமிக்கு பிரேக் போடுகிறது. நூறாண்டுக்கு மில்லிவிநாடிக் கணக்கில்தான் நாள் நீள்கிறது, ஆனாலும் சேர்ந்துவிடும். கடிகாரம் பூமியோடு ஒத்துப்போக, 1972 முதல் 27 முறை ஒரு விநாடியைச் செருகினார்கள். கடைசியாகச் செருகியது, நம் நேரப்படி 2017 ஜனவரி 1 காலை 5:29:60. மார்கழி விடியல், ஒலிபெருக்கிச் சத்தத்தில் யார் கவனித்திருப்பார்கள்? 2035-க்குள் இந்த வழக்கத்தை நிறுத்திவிடவும் முடிவாகியிருக்கிறது.

இப்போது ஸ்ட்ரான்சியம் கடிகாரங்கள் வந்துவிட்டன. விநாடிக்கு 429 லட்சம் கோடி அதிர்வுகள். அவற்றில் இரண்டை ஒப்பிட்டால் பதினெட்டாவது இலக்கம்வரை ஒத்துப்போகின்றன. ஆனால் அந்த அதிர்வை விநாடிக்கு இத்தனை என்று எழுதப் போனால் பதினாறாவது இலக்கத்திலேயே நின்றுவிட வேண்டியிருக்கிறது. சீசியத்தால் அதற்கு மேல் எண்ண முடியாது. விநாடியோ இன்னும் சீசியத்தின் கையில்தான் இருக்கிறது.