வாத்தும் கோழியும்

கோழிகளோடு வாத்துகளையும் வளர்க்கும் இல்லங்களில் அடிக்கடி எழும் குறை, வாத்து முட்டையிடுவதில்லை என்பதே. எங்கள் வீட்டிலும் அப்பேச்சு எழுந்தது. உறவினர் சிலர் பக்கத்து வீட்டுச் சிறுவர்மீது ஐயமும் கொண்டனர். உண்மையோ வேறு. கோழி பகலில் கூடையில் அமர்ந்து முட்டையிட்டு, கொக்கரித்து ஊருக்கே அறிவிக்கும். வாத்தோ பெரும்பாலும் விடியுமுன்னரே தரையில் முட்டையிட்டு, வைக்கோலுக்குள் மறைத்துவிடும். அதிகாலையில் திறந்துவிட்டால் வழியெங்கும் இட்டுச் செல்லும். அவை வாய்க்காலுக்கும் காக்கைக்குமே இரையாகும். காலை 9 மணிவரை அடைத்து வைக்குமாறு என் மாமியார் சொன்னார். ஒரே வாரத்தில் முட்டையும் கிடைத்தது. அயலாரின் உறவும் பிழைத்தது.

இருப்பிடத்திலும் இவற்றின் இயல்பு வேறு. கோழி உயரக் கழியில் ஏறி உறங்கும். வாத்து தரையிலேயே படுக்கும். வாத்து தண்ணீரைச் சிதறித் தரையை நனைக்கும். அவ்வீரம் கோழிக்கு நோய் தரும். ஆதலின் ஒரே கூரையாயினும் நடுவே தட்டி வைத்தல் நலம். தண்ணீர்த் தொட்டி வெளியே, வாத்தின் அலகும் தலையும் மூழ்கும் ஆழத்தில் இருக்கட்டும்.

நாட்டு வாத்துகள் பெரும்பாலும் அடைகாப்பதில்லை. அதன் முட்டைகளைக் கோழிக்கு அடைவைப்பது நம் வழக்கம். தன் குஞ்சுகளுக்கு 21 நாள் அமரும் கோழி, வாத்துக் குஞ்சுகளுக்காக 28 நாளும் பொறுத்திருக்கும். இயல்பு வேறாயினும் ஒரே கொல்லையில் வாழ இடமுண்டு.