கதவில் வைத்த பாட்டு

“இவ்வளவு நேரமா தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேனே, உங்க காதிலே விழுதா, இல்லையா?”

கல்யாணமான பெண்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் யார்? நானும் கேட்டிருக்கிறேன். கோபத்தில் கேட்டிருக்கிறேன், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டும் கேட்டிருக்கிறேன். ‘வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருக்கிறார், வீட்டு விஷயம் என்றாலே இவருக்கு அலட்சியம்’ என்றுதான் வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். அவர் காதில் நிஜமாகவே விழவில்லை என்பது, எங்கள் பழைய லாரியின் கதவில் ஸ்பீக்கர் வைக்கப் போனபோதுதான் தெரிய வந்தது.

எங்களுக்குப் புளியறை. செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற மலைப்பாதையின் அடிவாரம். வெளியூர்க்காரர்களுக்கு தட்சிணாமூர்த்தி கோவிலால் எங்கள் ஊரைத் தெரியும். லாரிக்காரர்களுக்கு செக்போஸ்டால் தெரியும். ஊரைத் தாண்டியதும் வண்டிகள் எஸ் வளைவில் முக்கி முனகி ஏறி, கோட்டைவாசல், ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு இறங்கும். என் வீட்டுக்காரர் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பக்கம் போகிறவர். ஒரே லாரி. அதுவும் வயதானது. ஆனாலும் எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான்.

லாரி என்றால் பாட்டு இல்லாமல் இருக்குமா? கேசட் காலத்திலிருந்தே டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தலைக்கு நேரே ஒரு பெட்டியில் ஸ்பீக்கர் இருந்தது. அது போன வருஷம் கரகரவென்று இழுத்து, ஒருநாள் ஓய்ந்தே போய்விட்டது. “எம்மா, அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு கதவிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர் வச்சிருவோம்” என்றான் மகன். அவன் எலக்ட்ரிக் வேலை படித்தவன்.

“இந்தக் கிழட்டு வண்டிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்” என்றார் அவர். ஆனால் நான் மகன் கட்சியில் சேர்ந்துகொண்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன்னால் கழுதுருட்டி பக்கம், விடியற்காலம் மூன்று மணிக்கு, அவருக்குக் கண் சொருகி முன் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கியிருக்கிறது. கிளீனர் பையன்தான் என்னிடம் ரகசியமாகச் சொன்னான். “நான் ‘அண்ணாச்சி, அண்ணாச்சி’ன்னு கத்தினேன் அக்கா, அவுஹளுக்குக் கேக்கவே இல்ல. கையைப் பிடிச்சு உலுக்கினதுக்கு அப்புறம்தான் முழிச்சாஹ.” அன்றிலிருந்து ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. பாட்டு ஓடினால் தூக்கம் வராது என்று நம்பினேன். அதனால், “வச்சுடுல தம்பி” என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் வேலை. கூடமாட இருந்து நானும் சில விஷயங்கள் கற்றுக்கொண்டேன். லாரி வைத்திருக்கும் வீட்டுச் சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் மின்சாரம். எங்கள் லாரியில் இரண்டு பாட்டரி. ஒவ்வொன்றும் 12 வோல்ட். இரண்டும் வரிசையாகச் சேர்ந்து 24. பாட்டுப் பெட்டிக்கோ 12 வோல்ட் போதும். முன்பு ஒரு தடவை யாரோ ஒருவர் சுலபமாக இருக்கிறதென்று ஒரே பாட்டரியிலிருந்து கம்பி எடுத்துக் கொடுத்துவிட்டார். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டின் கழுத்தில் மட்டும் பாரத்தை ஏற்றுகிற கதைதான்! ஒரு பாட்டரி எப்போதும் பட்டினி, இன்னொன்றுக்கு எப்போதும் மிதமிஞ்சிய சாப்பாடு. கடைசியில் இரண்டுமே கெட்டு, வண்டி நடுவழியில் நின்றது. இந்தத் தடவை மகன் 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கிற கன்வர்ட்டர் ஒன்று வாங்கி வைத்து, பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் போட்டான். கம்பி எங்கேயாவது உரசித் தீப்பிடிக்காமல் இருக்க அந்தச் சின்ன ஃபியூஸ்தான் காவல்.

அடுத்தது கதவு. எங்கள் வண்டி வெறும் சேஸியாக வாங்கி, பட்டறையில் மரமும் தகரமும் வைத்து பாடி கட்டியது. நாமக்கல், திருச்செங்கோடு பக்கமெல்லாம் இந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர்கள். கதவில் ஓட்டை போடுவதற்கு முன், கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரின் பின்பக்கக் காந்தம் கண்ணாடியில் இடித்தால் அத்தனை வேலையும் வீண். கம்பியைக் கீல் பக்கமாக ரப்பர் குழாய்க்குள் விட்டு, கதவைத் திறந்து மூட இடம் கொடுக்கும்படி கொஞ்சம் தொய்வாக விட வேண்டும். இழுத்துக் கட்டினால் பத்தே நாளில் அறுந்துவிடும்.

எங்கள் ஊர் சாரலைத்தான் உங்களுக்குத் தெரியுமே! ஜூன் மாதம் தொடங்கினால் குற்றாலத்துக்கு விழுகிற சாரலில் எங்களுக்கும் பங்குண்டு. கண்ணாடி வழியாக வழிகிற தண்ணீர் கதவுக்கு உள்ளேதான் இறங்கும். அது வெளியேறுவதற்குக் கதவின் அடியில் சிறு துவாரங்கள் இருக்கும். எங்கள் கதவில் மண் அடைத்துக் கிடந்தது. ஊசி கொண்டு குத்திச் சுத்தம் செய்தது நான். ஸ்பீக்கருக்கு மேலே பழைய ரெக்ஸின் துண்டைக் குடை மாதிரி தொங்கவிட்டதும் என் யோசனைதான்.

எல்லாம் மாட்டி முடித்துப் பாட்டைப் போட்டான். எனக்கு என்னவோ போல் இருந்தது. “ஏலே, தபேலாச் சத்தம் எங்கல போச்சு? பாடுறவ எங்கேயோ கிணத்துக்குள்ள நின்னு பாடுற மாதிரி இருக்கே” என்றேன். மகன் தலையைச் சொறிந்தான். பிறகு டார்ச்சுக்குப் போடுகிற பாட்டரிக் கட்டையை எடுத்து, ஸ்பீக்கர் கம்பிகளில் ஒரு நொடி தொட்டுக் காட்டினான். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளியது. மற்றது உள்ளே போனது. ஒன்றில் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப் போயிருந்தன. ஒன்று காற்றைத் தள்ளுகிறபோது மற்றொன்று இழுத்தால், தாழ்ந்த சத்தங்கள் ஒன்றையொன்று தின்றுவிடுமாம். கம்பியை மாற்றியதும் தபேலா திரும்பி வந்தது. “எம்மா, உனக்கு நல்ல காது!” என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை அரைமணி நேரம்கூட நிலைக்கவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு, அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். பேத்தி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். மகன் பாட்டை வைத்தான். “கூட்டு” என்றார். கூட்டினான். “இன்னும் கூட்டுலே.” நான் கீழே நின்றபடி காதைப் பொத்திக்கொண்டேன். பேத்தி, “தாத்தா, காது வலிக்குது, குறைங்க!” என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். அவர் சிரித்த முகத்தோடு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கனத்த குரலில், “அப்பா, போதுமா?” என்றதும், “இப்ப சரி” என்றார். பேத்தியின் முகம் சுண்டிப் போயிற்று. “தாத்தா என்கூடப் பேசவே மாட்டேங்கிறாங்க” என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. பையன் குரல் கேட்கிறது. குழந்தை குரல் கேட்கவில்லை. என் குரல் கேட்கவில்லை. அன்றைக்கு விடியற்காலம், மீசை முளைக்காத கிளீனர் பையனின் கீச்சுக் குரலும் கேட்கவில்லை!

சண்டை போட்டு, கெஞ்சி, தென்காசியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்துவிட்டு, ஒரு படம் போட்ட தாளைக் காட்டினார் டாக்டர். தாழ்ந்த சத்தங்களுக்கு நேராகப் போன கோடு, கீச்சென்ற சத்தங்களுக்கு வந்ததும் பள்ளத்தில் விழுந்திருந்தது. வலது காதில் பள்ளம் இன்னும் ஆழம்.

“இரைச்சலால் வந்த செவிக் குறை. உள்காதில் இருக்கிற நுண்ணிய மயிரணுக்கள் ஓயாத சத்தத்தில் செத்துவிடுகின்றன. செத்தது திரும்ப முளைக்காது. முதலில் பாதிக்கப்படுவது உயர்ந்த சுருதி. அதனால் பெண்கள், குழந்தைகள் பேசுவது சத்தமாகக் கேட்கும், வார்த்தையாக விளங்காது” என்றார். வலது காது ஏன் மோசம்? லாரியில் வலது பக்கம்தான் டிரைவர் சீட். ஜன்னலைத் திறந்துவைத்து, காற்றும் எதிர் வண்டி ஹார்னும் அந்தக் காதில்தான் அறைகின்றன. 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகிற பெரிய லாரிகளுக்கு டிரைவர் அறையில் ஏ.சி. கட்டாயமாகிவிட்டது. பழைய வண்டிக்காரர் ஜன்னலை மூடினால் வெந்து போவாரே!

டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் பாட்டு கேட்பதற்குப் பத்திரமான அளவு என்று சொல்வது 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 90 டெசிபல் என்றால் வாரம் 4 மணி நேரம்தான்! கருவி இல்லாவிட்டால் எப்படித் தெரியும்? கைநீளத் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அது காதுக்கு ஆகாத இரைச்சல். எஞ்சின் சத்தத்தை அமுக்குவதற்காகப் பாட்டைக் கூட்டினால், காதுக்கு விழுவது ஒரு அடி அல்ல, இரண்டு அடி.

நான் மெல்லக் கேட்டேன். “பாட்டு இருந்தால் தூக்கம் வராமல் இருக்குமே, டாக்டர்?”

“கொஞ்ச நேரம் விழிப்பு வந்த மாதிரி இருக்கும்மா. தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாகவே தூக்கம் கேட்கும். அந்த நேரத்தில் பாட்டையோ, ஜன்னல் காற்றையோ நம்பக்கூடாது. வண்டியை ஓரங்கட்டி ஒரு காபி குடித்துவிட்டு, 15, 20 நிமிஷம் கண்ணை மூடச் சொல்லுங்கள். எழுந்திருக்கும்போது காபியும் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும்” என்றார்.

வெளியே வந்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில்தான், “இத்தனை நாளும் நீதான் முணுமுணுன்னு பேசறேன்னு நினைச்சேன் பிள்ளை” என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நான் திட்டிய திட்டெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அதில் பாதி அவர் காதில் விழாமல் போனதே நல்லதாயிற்று!

மறுநாள் கதவை மறுபடியும் பிரித்தோம். இந்தத் தடவை பாட்டைக் கூட்ட அல்ல, இரைச்சலைக் குறைக்க. கதவைச் சுற்றிலும் புது ரப்பர் பீடிங். தகரம் அதிராமல் இருக்க உட்புறம் ஒட்டுகிற கனத்த ஷீட். ஸ்பீக்கரைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ரப்பர் வளையம். இடைவெளி இருந்தால் ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் முன்னால் வந்து பாட்டைக் கெடுக்குமாம். சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எஞ்சின் மூடியின் ஓரமெல்லாம் ஃபெல்ட்டும் ரப்பரும் வைத்து அடைத்தோம். கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த ஸ்க்ரூக்களை முடுக்கினோம். கதவு “டப்” என்று கனமாகச் சாத்தியபோதே வித்தியாசம் தெரிந்தது. எஞ்சின் ஓடும்போதே நானும் கிளீனர் பையனும் சாதாரணக் குரலில் இல்லாவிட்டாலும், கத்தாமல் பேச முடிந்தது. இரைச்சல் குறைந்ததும் பாட்டையும் குறைத்தே கேட்க முடிகிறது. பாட்டுப் பெட்டியின் திருகில் நகப் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அதைத் தாண்டிக் கூட்டக்கூடாது. கிளீனர் பையன்தான் அதற்குப் போலீஸ்!

டாக்டர் சொன்ன காது மிஷினும் வாங்கியாயிற்று. “கிழவனாக்கிட்டீங்களே” என்று முதலில் முகத்தைச் சுளித்தார். மூக்குக் கண்ணாடி போட்டால் மட்டும் வயசு தெரியாதா? இப்போது பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் அவரே எடுத்து மாட்டிக்கொள்கிறார். நானும் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். அடுப்படியிலிருந்து கத்துவதில்லை. பக்கத்தில் போய், இடது புறமாக, முகம் பார்த்துப் பேசுகிறேன். இதனால் சண்டை குறைந்துவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். குறைந்துதான் இருக்கிறது.

மோட்டார் தொழிலாளிக்கு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று 1961-லேயே சட்டம் வந்தது. சொந்த லாரி ஓட்டுகிறவருக்கு யார் சட்டம் போடுவது? அதனால் நான் போட்டேன். பாவூர்சத்திரத்தில் பாரம் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டி, மலை ஏறுவதற்கு முன்னால் எங்கள் வீட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்? வாசலில் நிற்க வேண்டும். ஒரு டம்ளர் காபி, திண்ணையில் 20 நிமிஷத் தூக்கம். எழுப்பியவுடன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. முகம் கழுவி, நாலு எட்டு நடந்துவிட்டுத்தான் ஏற வேண்டும். திரும்பி வரும்போது கண் அசத்தினால் ஆரியங்காவில் ஓரங்கட்ட வேண்டும்.

அந்த 20 நிமிஷமும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நேரமானதும் கூப்பிட மாட்டேன். தோளைத் தொட்டு எழுப்புவேன். வண்டி கிளம்பும்போது கதவில் பாட்டு மெதுவாகக் கேட்கும். எஸ் வளைவு வரை எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளே வந்து படுப்பேன். இப்போதெல்லாம் எனக்கும் தூக்கம் வருகிறது.

உங்கள் வீட்டிலும், ‘சொன்னது காதிலே ஏறாத’ மனிதர் ஒருவர் இருக்கிறாரா? லாரி, பஸ், தறி, மில், பட்டறை என்று இரைச்சலில் வேலை பார்க்கிறவரா? சண்டை பிடிப்பதற்கு முன்னால், ஒரு தடவை காதைப் பரிசோதித்துப் பார்த்துவிடுங்கள், சகோதரிகளே.