மஞ்சள் உறை

அம்மாடி,

பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கு மேலே இருந்த மஞ்சள் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, "ஏன் தாத்தா இப்படியெல்லாம் எழுதி வைக்கிறீங்க?" என்று கண் கலங்கினாயே, அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

என் அண்ணன் கடைசிப் பத்தொன்பது நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தார். மூச்சுக்காகப் போட்ட குழாயைப் பிடுங்கிவிடுவாரோ என்று இரண்டு மணிக்கட்டையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். நான் உள்ளே போனபோது வலது கை விரல்கள் மட்டும் அசைந்தன. தண்ணீர் கேட்கிறாரா, அவிழ்த்துவிடச் சொல்கிறாரா, போதும் என்கிறாரா? எனக்குப் புரியவில்லை. வெளியே வராந்தாவில் மகன், "எல்லாத்தையும் பண்ணுங்க டாக்டர்" என்றான். மகள், "அப்பாவை வதைக்காதீங்க" என்று கதறினாள். இரண்டுமே பாசம்தான். ஆனால் இன்றுவரை அண்ணன் திதிக்கு அவர்கள் சேர்ந்து வந்ததில்லை. எது தனக்கு வேண்டும் என்று அவர் ஒரு நாள் சொல்லி வைத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள்.

அந்த உறையில் இருப்பது லிவிங் வில், அதாவது எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பத்திரம். 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இதற்கு வழி திறந்தது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. 2023-இல் அதை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம்.

ஊசி போட்டு உயிரை எடுக்கச் சொல்லவில்லை, கண்ணு. அது நம் நாட்டில் குற்றம். இனி தேற வழியில்லை என்றான பிறகு வென்டிலேட்டர் வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம். வலிக்கு மருந்து கொடுங்கள், உதட்டை நனையுங்கள், வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். எந்த டாக்டரும் தனியாக முடிவெடுத்துவிட முடியாது. ஒரு மருத்துவக் குழு பார்த்துச் சொன்னதை இன்னொரு குழு சரிபார்க்க வேண்டும். என் சார்பில் பேச உன் அப்பா பெயரையும் அத்தை பெயரையும் போட்டிருக்கிறேன்.

இது கிழவர்கள் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதே. மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973-இல் தாக்கப்பட்டபோது அவருக்கு 25 வயது. 2015-இல் இறக்கும்வரை, நாற்பத்தோரு வருஷத்துக்கு மேல், அதே மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். சக நர்ஸ்கள் அவரைத் தாய்போலப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குக் கருணைக் கொலை வேண்டாம் என்று நின்றவர்களும் அவர்கள்தான். அருணாவின் மனதில் என்ன இருந்தது என்று யாராலும் கேட்க முடியவில்லை. பதினெட்டு வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில் இருக்கும் எவரும் லிவிங் வில் எழுதலாம் என்று சட்டம் சொல்கிறது. உனக்கு இருபத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வருகிறாள். சாப்பாடு முடிந்ததும் நான் இதை உரக்கப் படிக்கப் போகிறேன். உன் அப்பா எழுந்து போகப் பார்ப்பான். நீ அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்.